ரங்கூன் கார், அலுமினிய பாடி, ஒரே குடும்பம்: செட்டிநாட்டு ஜாகுவாரின் பூர்வீகம் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டின் வண்டிக் கொட்டகையில் நெடுங்காலமாக ஓடாமல் நிற்கும் ஜாகுவார் எக்ஸ்.கே. 120 விலைக்கு வருகிறது. “ஐயா 1952-இல் ரங்கூனில் புதுசா வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. அலுமினிய பாடி. ஒரே குடும்பத்துக் கையில் இருந்த கார்” என்கிறார்கள். ஆர்.சி. புத்தகம் 1978-இல் காலமான ஐயா பெயரில் இருக்கிறது, அதுவும் டூப்ளிகேட். பங்காளிகள் நாலு பேர். சொல்வதை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். இன்னும் காரையே பார்க்காத நிலையிலும், சொன்ன மூன்றில் ஒன்றாவது தவறு என்று சொல்லிவிடலாம். எக்ஸ்.கே. 120, 1948 அக்டோபரில் லண்டன் மோட்டார் காட்சியில் வெளிவந்தது. இவ்வளவு பேர் கேட்பார்கள் என்று ஜாகுவாரே நினைக்கவில்லை. அதனால் முதல் சுமார் 240 கார்களை, மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு போர்த்திக் கையால் செய்தார்கள். 1950-இலேயே இரும்புத் தகட்டுக்கு மாறிவிட்டார்கள். 1954 வரை மொத்தம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கார். ஆகவே அலுமினிய பாடி என்பது உண்மையானால் 1952-இல் அது புதுக் கார் இல்லை. அதற்கு முன் இரண்டு வருஷம் வேறொருவர் ஓட்டியிருக்க வேண்டும், ‘ஒரே குடும்பம்’ போய்விடும். 1952-இல் புதுசாக வாங்கியது உண்மையானால் அலுமினியம் போய்விடும். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. மூன்று தலைமுறை வாய்மாறி வந்த கதை இப்படித்தான் இருக்கும்.

அலுமினியம் என்று நம்ப ஒரு காரணமும் உண்டு. வீட்டார் ஒரு காந்தத்தை எடுத்து பானெட்டில் வைத்துக் காட்டுவார்கள், ஒட்டாது. கதவில் வைப்பார்கள், ஒட்டாது. ஆனால் இரும்பு பாடி எக்ஸ்.கே. 120-இலும் பானெட், கதவு, டிக்கி மூடி மூன்றும் அலுமினியமே. காந்தத்தை முன் மட்கார்டின் வளைவில், விளக்குக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். அங்கே ஒட்டினால் இரும்புக் கார். ஒட்டாவிட்டாலும் உடனே குதிக்க வேண்டாம். அடியில் பட்டி தடவியிருந்தாலும் காந்தம் பிடிக்காது. நாலைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். வலக்கை ஸ்டியரிங் திறந்த கார்களில் சேஸிஸ் எண் 660058 வரைதான் அலுமினியம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இனி எண்கள். பூர்வீகம் என்பது ஒன்றல்ல, இரண்டு சங்கிலி. ஒன்று, இந்த இரும்பு எந்த இரும்பு என்பது. மற்றொன்று, அது யார் யார் கைக்கு எந்த உரிமையில் போனது என்பது. இரண்டையும் கலக்கக் கூடாது. இரும்பிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அது ஒருநாள் வேலை.

எஞ்சின் அறையில் பின்சுவரில் ஒரு தகடு அடித்திருக்கும். அதில் சேஸிஸ், எஞ்சின், பாடி, கியர்பாக்ஸ் ஆகிய நான்கு எண்களும் இருக்கும். சேஸிஸ் எண் 660 அல்லது 661 என்று தொடங்கினால் வலக்கை ஸ்டியரிங் திறந்த கார். 670 முதல் 676 வரை என்றால் இடக்கை. நிலைக்கூரைக் காருக்கு 669, 679. மடக்குக்கூரைக்கு 667, 677. இந்த எண்ணே ரங்கூன் கதையை ஓரளவு சோதித்துவிடும். இந்தியா, பர்மா, இலங்கை, மலாயா நான்கிலும் அன்றைக்கு இடப்பக்கப் போக்குவரத்து (பர்மா 1970-இல்தான் மாறியது), ஆகவே வலக்கை ஸ்டியரிங் கார்தான் வந்திருக்கும். நகரத்தார் கடை வைத்திருந்த ஊர்களில் சைகோன் மட்டும் விதிவிலக்கு, அது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர், அங்கே வலப்பக்கப் போக்குவரத்து. சேஸிஸ் எண் 67 என்று தொடங்கி ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தால், யாரோ இடையில் மாற்றியிருக்கிறார்கள். அப்போது ரங்கூன் கதையை விட்டு வேறு கதை தேட வேண்டும்.

தகட்டை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். எண் அடிக்காத புதுத் தகடு இங்கிலாந்தில் உதிரிபாகக் கடையிலேயே கிடைக்கிறது. தகட்டைப் பிடித்திருக்கும் ஆணியைப் பாருங்கள்: சுற்றிலும் பெயின்ட் வெடித்தோ, ஆணி மட்டும் பளபளத்தோ இருந்தால் அது கழற்றி மாட்டியது. ஆதாரம் என்பது சேஸிஸ் சட்டத்தில் அடித்த எண்ணும், எஞ்சின் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலே வலப்பக்கம் அடித்த எண்ணும்தான். எஞ்சின் எண் சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் இருக்கும். எக்ஸ்.கே. 120-க்கு எஞ்சின் எண் ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும், பிற்காலக் கார்களில் ‘எஃப்’ எழுத்தில். ‘ஜி’ என்றால் எக்ஸ்.கே. 140, ‘வி’ என்றால் எக்ஸ்.கே. 150. எண்ணுக்குப் பின்னால் கோடு போட்டு 7 அல்லது 8 இருக்கும். அது அழுத்த விகிதம், 7:1 அல்லது 8:1. பிளாக்கில் ஒரு எண், ஹெட்டில் வேறு எண் என்றால் ஹெட் மாற்றியிருக்கிறார்கள். அது பெரிய குற்றமில்லை, விலையில் பேசிக்கொள்ளலாம். ஆனால் எஞ்சினே வேறாக இருந்து ஆர்.சி.யில் பழைய எண் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் எந்த ஆபீசிலும் பெயர் மாற்ற முடியாது. பாகம் கிடைக்காத காலத்தில் பழைய ஜாகுவார் சலூன் காரின் எஞ்சினையோ, ஏதாவது டீசல் எஞ்சினையோ தூக்கி மாட்டி ஓட்டியது நம் நாட்டில் சகஜம். அதை மறைக்கத்தான் தகடு மாறும்.

பென்சில் பிரிண்ட் எடுப்பதில்தான் பலர் காரியத்தைக் கெடுக்கிறார்கள். எண் தெரியவில்லை என்று எமரித் தாளோ கிரைண்டரோ போட்டால் தீர்ந்தது. பிறகு அந்த எண்ணை எந்த நிபுணரும் உண்மை என்று சொல்ல மாட்டார். துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அந்த இடத்தில் அரைமணி நேரம் ஒட்டவைத்து, பிறகு நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் கிரீஸும் மண்ணும் வந்துவிடும். காய்ந்தபின் மெல்லிய தாளை நான்கு மூலையும் டேப் ஒட்டி, 2பி பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேய்க்க வேண்டும். ஒன்று போதாது, மூன்று எடுத்து, தேதி போட்டு, வீட்டார் ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில், உலோகத்தோடு ஒட்டினாற்போல் பிடித்துப் படம் எடுங்கள். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது; சாய்த்து அடித்தால் எழுத்தின் ஆழமும், சுற்றிலும் அரத்தால் ராவிய கோடு இருக்கிறதா என்பதும் தெரியும். எண் நிற்கும் பரப்பு மட்டும் அக்கம்பக்கத்தைவிடக் குழிந்திருந்தால் பழைய எண்ணை ராவிவிட்டு அடித்திருக்கிறார்கள்.

தரைப்பலகை பிளைவுட். கரையான் தின்றிருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பூர்வீகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எண் கையில் வந்ததும் ஜாகுவார் டைம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்டுக்கு எழுதலாம். கம்பெனியின் பழைய பேரேட்டைப் பார்த்து அவர்கள் தரும் சான்றிதழில் நான்கு எண்கள், கட்டிய தேதி, அனுப்பிய தேதி, முதல் நிறம், உள்ளலங்கார நிறம், எந்த விநியோகஸ்தருக்கு அனுப்பியது என்பன இருக்கும். முதல் உரிமையாளர் பெயர் சிலவற்றில் உண்டு, பலவற்றில் இல்லை. விண்ணப்பத்தைக் கார்ச் சொந்தக்காரர் போடுவதுதான் முறை. வீட்டாரைப் போடச் சொல்லுங்கள், கட்டணம் நீங்கள் கட்டுங்கள். ரங்கூன் என்று வந்தால் கதை பாதி உறுதியாகிவிட்டது. பம்பாய் என்றோ லண்டன் என்றோ வந்தால், ‘கப்பலில் வந்தது’ மட்டும்தான் உண்மை. எல்லாக் காரும் கப்பலில்தான் வந்தது. அதற்குப் பிறகு யாரிடம் இருந்தது என்பது அந்தப் பேரேட்டில் இருக்காது. சான்றிதழில் உள்ள நிறத்தைக் காரில் தேடிப் பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியிலும் டிக்கிக் கீல் மறைவிலும் பிற்காலப் பெயின்டர் கை போயிருக்காது.

அடுத்தது ஆர்.டி.ஓ. டூப்ளிகேட் ஆர்.சி.யில் கடைசிப் பெயர் மட்டும் இருக்கும். முந்தின கைமாற்றங்கள் இருக்காது. அவை ‘பி ரிஜிஸ்டர்’ என்கிற அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். அதன் நகலைத்தான் கேட்க வேண்டும். எந்த அலுவலகம் என்பதுதான் செட்டிநாட்டில் தலைவலி. காரைக்குடியும் தேவகோட்டையும் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம், பிறகுதான் சிவகங்கை. ஆனால் கோனாபட்டு, ராயவரம் போன்ற ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். அதன்பின் திருச்சி மாவட்டம். 1974-க்குப் பிறகு புதுக்கோட்டை மாவட்டம். இரண்டு ஊருக்கும் இடையே சைக்கிளில் போய்வரலாம், பதிவேடோ வேறு வேறு மாவட்டத்தில். போதாக்குறைக்குப் பலர் காரைச் சென்னை வீட்டு முகவரியில் பதிந்திருப்பார்கள். ஆகவே ஊரை வைத்துத் தேடாமல் நம்பர் பிளேட்டை வைத்துத் தேடுங்கள். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் மூன்றெழுத்து மதராஸ் மாகாண, மாநிலக் காலத்தது, ‘டி’யில் தொடங்கும் மூன்றெழுத்து 1969-இல் தமிழ்நாடு என்று பெயர் வைத்த பிறகு வந்தது, ‘டி.என்.’ போட்டு மாவட்ட எண் வருவது 1989-க்குப் பிறகு. 1952-இலிருந்து இங்கேயே இருந்த காருக்கு 1970களின் எண் இருந்தால், ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: நடுவில் எங்கே இருந்தது?

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதினால் முப்பது நாளில் பதில் வர வேண்டும். நீங்கள் எழுதினால் ‘மூன்றாம் நபர் தகவல்’ என்று மறுக்க இடமுண்டு. வாரிசு ஒருவர் எழுதினால் அந்தச் சாக்கு எடுபடாது. பதிவேடு அழிந்துவிட்டது என்று பதில் வந்தாலும் அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு காகிதம்தான்.

இப்போது வீடு. செட்டிநாட்டு வீட்டைப் போலக் காகிதம் சேர்த்துவைத்த வீடு தமிழ்நாட்டில் வேறு இல்லை. அதே அளவுக்குப் பெயரில் ஏமாறவும் வேறு இடம் இல்லை. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ஆகவே 1952-இல் ஒரு பெயரும் 1975-இல் அதே பெயரும் இருந்தால் அது ஒருவரேதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னெழுத்துகளைப் பாருங்கள், அவை மாறியிருக்கும். அடுத்தது பிள்ளை கூட்டுதல். சுவீகாரம் போனவருக்குத் தகப்பனார் பெயரே மாறிவிடும், முன்னெழுத்தும் மாறும். ஆர்.சி.யில் கூட்டுவதற்கு முந்தின பெயரும், இன்ஷூரன்ஸில் பிந்தின பெயரும் இருந்தால் பார்ப்பவருக்கு இரண்டு சொந்தக்காரர் போலத் தெரியும். உண்மையில் ஒரே ஆள். எதிர்மாறாகவும் நடக்கும்: சுவீகாரம் போனவருக்குப் பிறந்த வீட்டில் பங்கு இல்லாமல் இருக்கலாம், ஆனால் காருக்குக் கையெழுத்துப் போட அவரே முன்னால் நிற்பார்.

கணக்குப் புத்தகங்கள்தான் தங்கச் சுரங்கம். சிட்டை நாள்வாரி, பேரேடு தலைப்புவாரி. பேரேட்டில் ‘மோட்டார் செலவு’ அல்லது ‘கார் வகை’ என்று ஒரு பக்கம் இருக்கும். பெட்ரோல், டயர், டிரைவர் சம்பளம், வரி எல்லாம் அங்கே விழும். கார் வாங்கிய வருஷத்தில் ஒரு பெரிய பற்று இருக்க வேண்டும், கடைசி வருஷத்துக்குப் பிறகு பக்கம் வெறுமையாக இருக்கும். தேதி தமிழ் வருஷத்தில் எழுதியிருக்கும். விகிர்தி 1950-51, கர 1951-52, நந்தன 1952-53, விஜய 1953-54. வருஷம் சித்திரையில் பிறப்பதால் ‘கர வருஷம் தை’ என்றால் 1952 ஜனவரி, 1951 அல்ல. இந்த ஒரு தப்பால் ஆர்.சி.க்கும் கணக்குக்கும் ஒரு வருஷம் இடித்து, ‘ஏதோ மறைக்கிறார்கள்’ என்று சந்தேகப்பட்டுப் போனவர்கள் உண்டு. எண்கள் தமிழ் எண்ணில் இருக்கலாம். ௧, ௪, ௭ மூன்றையும் படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப்போங்கள். முக்கியமாக, அந்தச் செலவு யார் கணக்கில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஐயாவின் சொந்தக் கணக்கா, கடைக் கணக்கா? கடைக் கணக்கென்றால் கார் கூட்டு வியாபாரத்தின் சொத்து, ஐயா பெயரில் ஆர்.சி. இருந்தாலும் பங்குதாரர் கேள்வி கேட்கலாம்.

வரிக்குப் பயந்து காரை மேனேஜர் பெயரிலோ டிரைவர் பெயரிலோ பதிந்த வழக்கமும் இருந்தது. 1957-இல் வந்த செல்வ வரிக்குக் கொடுத்த கணக்குப் பட்டியலில் கார் யார் பெயரில், எந்த மதிப்பில் காட்டப்பட்டது என்று ஆடிட்டரிடம் பழைய கோப்பு இருந்தால் பாருங்கள், ஆர்.சி.யைவிட அது உண்மை பேசும். கல்யாணப் படங்களையும் விடாதீர்கள். படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் இருக்கும். காரின் எண் மங்கலாக இருந்தாலும் அங்குலத்துக்கு 1200 புள்ளி அளவில் ஸ்கேன் செய்தால் படிக்கலாம். டிரைவர் வீட்டாரையும் மெக்கானிக்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் ஒருவர் சொல்வதை மற்றவர் ஆமோதிப்பார்.

ஒரு எச்சரிக்கை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய ஹாரன், விளக்கு, கிளப் பேட்ஜ் எல்லாம் கிடைக்கும். காருக்குப் பொருந்தினால் வாங்கி மாட்டுங்கள், தப்பில்லை. ஆனால் ரங்கூன் கிளப் பேட்ஜ் ஒன்றை அங்கே வாங்கி மாட்டிவிட்டு அதையே ஆதாரமாகக் காட்டக் கூடாது. இப்போது மாட்டியிருக்கும் பேட்ஜ் எப்போது வந்தது என்று பழைய படத்தில் சரிபாருங்கள்.

உரிமைச் சங்கிலி. வில்லங்கச் சான்றில் கார் வராது, அது அசையும் சொத்து. ஆனால் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அசையும் சொத்து அட்டவணை இருக்கும். சார்பதிவகத்தில் நகல் வாங்கலாம். வெள்ளிச் சாமான், பெட்டகம் வரை எழுதியவர்கள் காரை விட்டிருந்தால் இரண்டே காரணம்தான்: அப்போது கார் அவர்களுடையதல்ல, அல்லது பிறகு பேசலாம் என்று விட்டார்கள். இரண்டாவதென்றால் கார் இன்னும் பிரியாத பொதுச் சொத்து. பங்காளி நாலு பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. ஐயா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் 1978-இல் இறந்திருந்தால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆச்சிக்கும் (ஐயாவின் மனைவி), பெண்மக்களுக்கும், உயிரோடு இருந்திருந்தால் ஐயாவின் தாயாருக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு. வளவு (பூர்வீக வீடு) ஆண்மக்களுக்கு என்ற ஊர் வழக்கம் காருக்குப் பொருந்தாது. கட்டிக்கொடுத்த பெண்களும், இறந்துபோன பெண்களின் பிள்ளைகளும் வாரிசுச் சான்றிதழில் இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். சிங்கப்பூரில் இருப்பவர் தூதரகத்தில் சான்றொப்பமிட்டு அனுப்பலாம்.

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1954 ஃபெராரி 375 பிளஸ் ஒன்று சாட்சி, சேஸிஸ் 0384 ஏ.எம். அமெரிக்காவின் ஒஹாயோவில் பிரித்துக் கிடந்த அது 1980களின் இறுதியில் திருடுபோய் பெல்ஜியம் சேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்து, 2014-இல் இங்கிலாந்தின் குட்வுட்டில் நடந்த ஏலத்தில் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் விற்றது. விற்றபிறகும் வழக்கு ஓயவில்லை. காரின் எண்ணில் யாருக்கும் சந்தேகமில்லை. உரிமையில்தான் ஓட்டை.

பாகம் பலவும் மாறியிருந்தால் ‘அதே கார்’ என்று சொல்லலாமா என்றால், 1990-இல் இங்கிலாந்து நீதிமன்றம் பென்ட்லியின் ‘ஓல்ட் நம்பர் ஒன்’ வழக்கில் ஒரு வழி காட்டியது. 1929, 1930 இரண்டு வருஷமும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த கார் அது. பின்னால் அடியோடு மாற்றிக் கட்டப்பட்டது. பழைய பாகம் அநேகமாக ஏதும் இல்லை. ஆனாலும் ஒரு நாளும் இடைவெளி விடாமல் அதே காராகவே வாழ்ந்து வந்ததால் அது உண்மையானது என்று தீர்ப்பாயிற்று. தொடர்ச்சியைக் காகிதத்தால் காட்ட முடிந்ததால்தான் அந்தத் தீர்ப்பு. நம்மூர் பதிவு விதி அவ்வளவு தாராளமில்லை. 2021-இல் வந்த விண்டேஜ் விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குத்தான் அந்தத் தகுதி. புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கனவே இந்தியாவில் பதிவான கார் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணை இழந்துவிடாதீர்கள். ஆனால் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்றுதான் ஓட்டலாம். தினமும் கடைவீதிக்குப் போக முடியாது.

காகித வரிசையை மாற்றாதீர்கள். இறந்தவர் பெயரிலிருந்து நேரே உங்கள் பெயருக்கு வராது. முதலில் படிவம் 31-இல் வாரிசு ஒருவர் பெயருக்கு, மற்ற வாரிசுகளின் ஒப்புதலோடு. தாமதத்துக்கு அபராதம் இருக்கும். பிறகு படிவம் 29, 30-இல் அவரிடமிருந்து உங்களுக்கு. ஐயா கையெழுத்துப் போட்டுவைத்த பழைய வெற்றுப் படிவம் இருக்கிறது என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள், அது மோசடி வழக்கு.

பூர்வீகத்தை எழுதும்போது ஒவ்வொரு வருஷத்துக்கும் எதிரே எந்தக் காகிதம் என்று குறியுங்கள். வாய்ச்சொல் என்றால் யார், எப்போது சொன்னது என்று எழுதுங்கள். ஆதாரம் இல்லாத வருஷங்களை வெறுமையாகவே விடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் ‘ரங்கூன்’, ‘ஒரே குடும்பம்’ என்ற சொற்கள் வந்தால் ‘விற்பவர் கூற்றுப்படி’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மாட்டோம் என்றால் அந்தச் சொற்களுக்காகக் கேட்கும் விலையை அவர்களும் குறைத்துக்கொள்ளட்டும். முன்பணப் பேச்சு, பென்சில் பிரிண்ட்டில் வந்த எண்ணும் பி ரிஜிஸ்டர் எண்ணும் ஒன்றுதான் என்று பார்த்தபிறகு.